வலி நின்றுவிட்டதே என்று இருந்துவிடாதீர்கள்!



நம் சங்க மலரில் இதுவரை தண்டவாளம், பாலம், மலைப்பாதை என்றுதான் எழுதி வந்திருக்கிறேன். இம்முறை பிரசவத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்றால் சிலருக்குச் சிரிப்பு வரலாம். நான் டாக்டர் அல்ல. சிவில் டிப்ளமா படித்து, 1981-ல் ரயில்வேயில் பி.டபிள்யூ.ஐ. ஆகச் சேர்ந்து, 37 ஆண்டுகள் பாதையோடு வாழ்ந்துவிட்டு 2018-ல் ஓய்வு பெற்றவன். ஆனாலும் இதை நான் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.

சென்ற பொங்கல் விழாவில், நம் உறுப்பினர் குடும்பத்துப் பெண் ஒருவர் என் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார். இரண்டாவது கர்ப்பம், ஆறாம் மாதம். "மொதக் கொழந்தை சிசேரியன் மாமி. இந்தத் தடவை எப்படியாவது நார்மலா ஆகணும்னு வேண்டிண்டிருக்கேன். வீட்டுப் பக்கத்துலயே சின்ன நர்சிங் ஹோம் இருக்கு. கடைசி வரைக்கும் வீட்டுலயே வலியைத் தாங்கிண்டு, அப்புறம் போனாப் போதும்னு எல்லாரும் சொல்றா" என்றார். என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு வீட்டுக்கு வந்ததும், "நம்ம கதையை எழுதுங்க. இதுல வெட்கப்பட என்ன இருக்கு?" என்றார். அவர் சம்மதத்துடன்தான் எழுதுகிறேன்.

1988, ஜூலை

இட்டார்சிக்கும் நாக்பூருக்கும் இடையே, சாத்புரா மலைப் பகுதியில் ஒரு சின்ன ஸ்டேஷன். மழைக்காலம் வந்துவிட்டால் பி.டபிள்யூ.ஐ.க்குத் தூக்கம் கிடையாது. மண் சரிவு, வெட்டுப்பாதையில் பாறை விழுதல், இரவு ரோந்து என்று ஓய்வே இருக்காது. என் மனைவி ஒன்பதாம் மாதக் கர்ப்பிணி. மூத்த பெண் 1985-ல் தஞ்சாவூர்ப் பக்கம் என் மாமனார் ஊரில் சிசேரியனில் பிறந்தாள். இரண்டாவது பிரசவத்துக்கு, இரண்டு வாரம் முன்னதாகவே நாக்பூருக்கு அழைத்துப் போய்த் தங்க வைப்பது என்று திட்டம். துணைக்கு என் தாயார் ஊரிலிருந்து வந்திருந்தார்.

பிரசவமோ நம் திட்டத்துக்குக் காத்திருக்கவில்லை. ஒரு நாள் அதிகாலை மூன்று மணிக்கு வலி எடுத்தது. நான் லைனில் இருந்தேன். ஏழு மணிக்கு வீடு திரும்பியபோது என் தாயார், "நல்ல வலிதான்டா. தானாவே ஆயிடும்போல இருக்கு. கத்தி வைக்காம ஆனா நல்லதுதானே?" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. காலை வண்டியில் அழைத்துப் போயிருக்கலாம். போகவில்லை. அந்தத் தவறு முழுக்க என்னுடையது.

பத்து மணி வாக்கில் மனைவி ஒரு முறை வீறிட்டார். ஏதோ கிழிந்த மாதிரி இருந்ததாகச் சொன்னார். அதன் பிறகு வலி நின்றுவிட்டது. அடுத்த வலி வரவே இல்லை. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி! "பொய் வலி போலிருக்கு, சித்த நேரம் தூங்கட்டும்" என்று என் தாயார் சுக்குக் கஷாயம் வைக்கப் போனார். நான் குளிக்கக் கிளம்பினேன். "என்னங்க, வயிறு வலிக்கல, தோள்பட்டைதான் வலிக்குது" என்று மனைவி சொன்னது காதில் விழுந்தது. ஒரே பக்கமாகப் படுத்திருந்ததால் பிடித்துக்கொண்டிருக்கும் என்றேன்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸில் எங்கள் கீமேனின் தாயார் இருந்தார். அந்தச் சுற்று வட்டாரத்தில் நூற்றுக்கணக்கான பிரசவம் பார்த்த கிழவி. சும்மா பார்த்துப் போக வந்தவர் மனைவியின் வயிற்றில் கை வைத்தார். உடனே கையை எடுத்துவிட்டார். வெளியே வந்து என்னிடம் இந்தியில் சொன்னார்: "சாஹிப், குழந்தையின் கை கால் தோலுக்கு அடியிலேயே தட்டுப்படுகிறது. பை திறந்துவிட்டது. நேரம் கடத்தாதே."

ஓடினேன். ஸ்டேஷன் மாஸ்டர் கண்ட்ரோலுக்குப் பேசினார். எங்கள் ஸ்டேஷனில் நிற்காத எக்ஸ்பிரஸ் ஒன்று பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. கண்ட்ரோலர் ஒரே வார்த்தையில் அதை நிறுத்த அனுமதி கொடுத்தார். கயிற்றுக் கட்டிலோடு கேங்மேன்கள் நால்வர் தூக்கி வந்து கார்டு பெட்டியில் வைத்தார்கள். ஜங்ஷன் போய்ச் சேர ஐம்பது நிமிடம். வழி நெடுகிலும் மனைவியின் நாடியைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். 110, 124, கடைசியில் எண்ணவே முடியவில்லை. வெளியே ரத்தமே அதிகம் போகவில்லை. பிறகு ஏன் இப்படி வெளிறிப் போகிறார் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.

கண்ட்ரோலர் இன்னொரு காரியமும் செய்திருந்தார். ஜங்ஷன் ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே செய்தி சொல்லியிருந்தார். டாக்டரம்மா தியேட்டரைத் தயாராக வைத்துக் காத்திருந்தார். என்னை அவர் கேட்ட முதல் கேள்வி, "முந்தின ஆபரேஷனில் கர்ப்பப்பையை எந்த இடத்தில் வெட்டினார்கள்? பேப்பர் எங்கே?" பேப்பர் மாமனார் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது! இரண்டாவது கேள்வி, "என்ன ரத்த குரூப்?" அதுவும் எனக்குத் தெரியவில்லை. 300 கிலோமீட்டர் பாதையில் எந்த இடத்தில் எந்த ஆண்டு தண்டவாளம் மாற்றினோம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். என் மனைவியின் ரத்த குரூப் தெரியவில்லை.

கர்ப்பப்பை கிழிந்தால் என்ன ஆகும்?

அன்று விளங்காதது, பின்னாளில் அந்த டாக்டரம்மாவிடமும் மற்ற மருத்துவர்களிடமும் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டது இது.

சாதாரண நாளில் கர்ப்பப்பை 60, 70 கிராம் எடையுள்ள சிறு உறுப்பு. நிறைமாதத்தில் அதன் எடை மட்டுமே ஏறக்குறைய ஒரு கிலோ. குழந்தையை வளர்க்க நிமிடத்துக்குச் சுமார் 500 முதல் 700 மில்லி ரத்தம் அதன் வழியே பாய்கிறது. தாயின் உடலில் இருக்கும் மொத்த ரத்தமே ஆறு லிட்டர் அளவுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரிய ரத்தக் குழாய் ஒன்று அறுந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஆளே காலியாகிவிடலாம்.

கிழிவதற்குப் பெரும்பாலும் காரணம் பழைய தழும்பு. முந்தின சிசேரியன், அல்லது கட்டி எடுத்த ஆபரேஷன். ரயில்வேக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். தண்டவாளத்தில் விரிசல் முதலில் காணும் இடம் பெரும்பாலும் வெல்டு வைத்த இடம்தான். வெல்டு நன்றாக இருந்தால் எத்தனையோ ஆண்டுகள் தாங்கும். ஆனால் அந்த இடத்தின் மேல் ஒரு கண் இருந்துகொண்டே இருக்க வேண்டும்.

தழும்பில்லாத கர்ப்பப்பையும் கிழிவதுண்டு. இடுப்பு வழி குறுகலாகவோ குழந்தை குறுக்காகவோ இருந்து, பல மணி நேரம் வலி எடுத்தும் குழந்தை இறங்காதபோது கிழியலாம். ஐந்தாறு பிரசவம் கண்ட தாய்மாருக்கும், வலி வரவழைக்கும் ஊசி மருந்தை அளவு மீறிக் கொடுத்தவர்களுக்கும், விபத்தில் வயிற்றில் பலமாக அடிபட்டவர்களுக்கும் இது நேரலாம். பிரசவ நேரத்தில் வயிற்றின் மேல் ஏறி அமுக்கும் வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அது மிகவும் ஆபத்தானது.

சிசேரியனிலும் வகை உண்டு. இன்று வழக்கமாகச் செய்வது கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்கு வெட்டு. இது உறுதியானது. இப்படி ஒரு வெட்டு மட்டும் உள்ளவர் அடுத்த பிரசவத்தில் இயற்கையாகப் பெற முயன்றால், தழும்பு கிழிவது ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்குத்தான். மேல்பகுதியில் நெடுக்காக வெட்டியிருந்தால் ஆபத்து பல மடங்கு. அவர்கள் வலி வரும் வரையே காத்திருக்கக் கூடாது. வெளியே தோலில் தெரியும் தழும்பை வைத்து உள்ளே எப்படி வெட்டினார்கள் என்று சொல்ல முடியாது. டாக்டரம்மா பேப்பரைக் கேட்டது இதற்காகத்தான்.

அறிகுறிகள்

கிழிந்த பை சுருங்கி விரிய முடியாது. அதனால்தான் வலி திடீரென்று நிற்கிறது. குழந்தை பைக்கு வெளியே வயிற்றுக்குள் தள்ளப்படுவதால் கை கால்கள் தோலுக்கு அடியிலேயே தட்டுப்படுகின்றன. இறங்கிய தலை மேலே போய்விடுகிறது. ரத்தம் வயிற்றுக்குள்ளேயே தேங்குவதால் வெளியே அதிகம் தெரியாது. தேங்கிய ரத்தம் உதரவிதானத்தை உறுத்த, அந்த வலி தோள்பட்டையில் தெரிகிறது. சிறுநீரில் ரத்தம் கலந்து வரலாம். இவற்றுக்கெல்லாம் முன்பே பெரும்பாலும் மாறுவது குழந்தையின் இதயத்துடிப்பு. அதனால்தான் தழும்புள்ள தாய்க்குப் பிரசவ வலி நெடுகிலும் குழந்தையின் துடிப்பை விடாமல் கவனிக்க வேண்டும் என்கிறார்கள்.

இன்னொன்று. கர்ப்பிணியின் உடலில் ரத்தம் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருப்பதால், ஒன்றரை லிட்டர் போகும் வரைகூட பிரஷர் இறங்காமல் இருக்கலாம். "பிரஷர் நன்றாக இருக்கிறது" என்பதை மட்டும் நம்பக் கூடாது. நாடி ஏறிக்கொண்டே போவது, வெளிறுவது, குளிர்ந்த வியர்வை, தாகம், படபடப்பு ஆகியவைதான் முதலில் வரும். நான் கார்டு பெட்டியில் எண்ணிக்கொண்டு வந்த நாடி எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. படிக்கத் தெரியாதவன் கையில் கிடைத்த கடிதம் போல!

மருத்துவர்கள் என்ன செய்கிறார்கள்?

தண்டவாளம் முறிந்தால் என்ன செய்வோம்? முதலில் சிவப்புக் கொடி காட்டி வண்டியை நிறுத்துவோம். பிறகு முறிந்த இடத்தில் பிளேட் வைத்துக் கிளாம்ப் போட்டு, மெதுவாக வண்டியை விடுவோம். ஆனால் அது தற்காலிகம். கெட்ட துண்டை வெட்டி எடுத்து வேறு போட்டால்தான் வேலை முடிந்தது. இங்கும் அப்படித்தான். குளுக்கோஸும் ரத்தமும் ஏற்றுவது கிளாம்ப் போடுவது மாதிரி. உண்மையான ரிப்பேர் ஆபரேஷன் மேஜையில்தான்.

சந்தேகம் வந்த உடனே உதவிக்கு எல்லோரையும் கூப்பிடுகிறார்கள். வலி மருந்து ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துகிறார்கள். ஆக்சிஜன் வைக்கிறார்கள். இரண்டு கையிலும் பெரிய ஊசியாகப் போட்டு, ஒன்றில் சலைன், ஒன்றில் ரத்தம் என்று ஏற்றுகிறார்கள். மெல்லிய ஊசியில் வேகமாக ஏற்ற முடியாது. குழாயின் விட்டம் குறைந்தால் ஓட்டம் எவ்வளவு குறையும் என்பது பொறியாளர்களுக்குத் தெரியும். உடம்பைக் கதகதப்பாக வைக்கிறார்கள், ஏனென்றால் உடல் குளிர்ந்தால் ரத்தம் உறையாது. சிறுநீர்க் குழாய் வைத்து, சிறுநீரகம் வேலை செய்கிறதா என்று மணிக்கு மணி அளக்கிறார்கள். இவை அனைத்தும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். பிரஷர் ஏறட்டும், பிறகு ஆபரேஷன் செய்யலாம் என்று காத்திருப்பதில்லை. ஓட்டையை அடைக்காமல் தொட்டியை நிரப்ப முடியாது அல்லவா?

வயிற்றைத் திறந்ததும் குழந்தையையும் நஞ்சையும் எடுக்கிறார்கள். ரத்தம் பீறிட்டால், முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெருந்தமனியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்கிறார் ஒருவர். கிழிந்த ஓரங்களில் கிளாம்ப் போடுகிறார்கள். கிழிசல் நேராக, சுத்தமாக இருந்து, தாயின் நிலையும் தாங்கினால் தைத்துவிடுகிறார்கள். பக்கவாட்டில் ஓடி பெரிய ரத்தக் குழாயை அறுத்திருந்தால், அல்லது ரத்தம் நிற்கவே இல்லையென்றால், கர்ப்பப்பையை எடுத்துவிடுவதுதான் வழி. கர்ப்பப்பைக்குப் போகும் குழாய்களையும், தேவையானால் இடுப்புக்குள் ஓடும் பெரிய தமனியையும் கட்டுவதுண்டு. பக்கத்திலேயே இருக்கும் சிறுநீர்ப்பை கிழிந்திருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள்.

இப்போது இன்னும் இரண்டு உதவிகள் வந்திருக்கின்றன. ஒன்று டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற விலை குறைந்த ஊசி மருந்து. உறைந்த ரத்தம் கரைந்து போகாமல் தடுப்பது. 21 நாடுகளில் 20,060 தாய்மாரிடம் நடத்திய ஆராய்ச்சி 2017-ல் வெளிவந்தது. பிரசவத்துக்குப் பின் கடும் ரத்தப்போக்கு உள்ளவர்களுக்கு இதை மூன்று மணி நேரத்துக்குள் ஒரு கிராம் கொடுத்தால் ரத்தப்போக்கால் வரும் மரணம் குறைகிறது என்று கண்டார்கள். கர்ப்பப்பை கிழிந்தவர்களுக்கும் துணை மருந்தாகக் கொடுக்கிறார்கள். மற்றது, கணுக்காலிலிருந்து வயிறு வரை இறுக்கிக் கட்டும் ஒரு உடுப்பு. கால்களில் உள்ள ரத்தத்தை இதயத்துக்கும் மூளைக்கும் திருப்பிவிட்டு, பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை தாங்க வைப்பது. உலக சுகாதார நிறுவனமே தற்காலிக உதவியாக இதை ஏற்றிருக்கிறது. ஆனால் இரண்டுமே ஆபரேஷனுக்குப் பதில் அல்ல.

அந்த நான்கு பாட்டில் ரத்தம்

எங்கள் கதைக்கு வருகிறேன். மனைவியின் குரூப் ஓ பாசிடிவ் என்று பார்த்துச் சொன்னார்கள். கையிருப்பில் ஒரே ஒரு யூனிட்தான் இருந்தது. செய்தி ரன்னிங் ரூமுக்குப் போயிற்று. இரவு முழுக்க வண்டி ஓட்டிவிட்டுப் படுத்திருந்த டிரைவர்கள் எழுந்து வந்தார்கள். கட்டிலைத் தூக்கி வந்த கேங்மேன்களும் கையை நீட்டினார்கள். பதினோரு பேரைப் பார்த்ததில் நால்வருடையது சேர்ந்தது. ஒருவர் பீகார்க்காரர், ஒருவர் கோண்டு இனத்தவர், ஒருவர் நாக்பூர் மராத்தியர், ஒருவர் கேரளத்து டிரைவர். அந்த நால்வரின் ரத்தம்தான் இன்றும் எங்கள் வீட்டில் சமைக்கிறது, பூ கட்டுகிறது, கோயிலுக்குப் போகிறது.

டாக்டரம்மா ரத்தம் ஏற்றுவதற்கு முன் ஒரு சின்ன வேலை செய்ததை நர்ஸ் பின்னால் சொன்னார். மனைவியின் ரத்தம் கொஞ்சத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து, கையில் மூடி வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாராம். ஏழு நிமிடத்துக்குள் உறைய வேண்டும். உறையாவிட்டால் உடம்பில் ரத்தம் உறையும் சக்தியே தீர்ந்துவிட்டது என்று பொருள். அப்போது சிவப்பணு மட்டும் போதாது. பிளாஸ்மா, தட்டணு எல்லாம் வேண்டும். எங்கள் நல்ல காலம், உறைந்தது. இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே முறை வைத்திருக்கிறார்கள். பேரளவு ரத்தப்போக்கு என்றால் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிராமல் சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு மூன்றையும் ஏறக்குறைய சம விகிதத்தில் அனுப்பத் தொடங்கிவிடுகிறார்கள்.

சற்று நேரத்தில் டாக்டரம்மா வெளியே வந்தார். "பழைய தழும்பு முழுக்கப் பிரிந்து பக்கத்திலும் கிழிந்திருக்கிறது. தைத்துப் பார்க்க நேரமில்லை. பையை எடுத்தால் உங்கள் மனைவி பிழைப்பார். குழந்தை போய்விட்டது" என்றார். கையெழுத்துப் போட்டேன். ஆண் குழந்தை. மூன்று கிலோ. அன்று மாலை மழை விட்டிருந்தது. என் கேங்மேன்கள்தான் கூட வந்து அடக்கம் செய்தார்கள்.

மனைவி ஐம்பது நிமிடப் பயணத்தையும் தாண்டிப் பிழைத்தது எப்படி என்று பின்னால் கேட்டேன். பெரிய குழாய் கடைசியில்தான் அறுந்திருக்கிறது, அதற்கு முன் கசிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது என்றார். "நீங்கள் வேறொரு பதினைந்து நிமிடம் கழித்து வந்திருந்தால் நான் இருந்தும் பயனில்லை" என்றார். குளிக்கப் போயிருந்தால் எனக்கு ஆகியிருக்கக் கூடிய நேரம் அது.

அப்படியானால் நார்மலே கூடாதா?

அப்படிச் சொல்ல வரவில்லை. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே ஒரு கீழ்வெட்டு சிசேரியன் செய்துகொண்டவர்களில், தகுந்தவர்களைத் தேர்ந்தெடுத்து முயன்றால், நூற்றுக்கு 60 முதல் 80 பேர் இயற்கையாகவே பெறுகிறார்கள். திரும்பத் திரும்ப சிசேரியன் செய்தாலும் ஆபத்து இல்லாமல் இல்லை. நஞ்சு பழைய தழும்பில் வேரூன்றிக்கொள்ளும் தொல்லை ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் கூடுகிறது. எனவே எது நல்லது என்பதை டாக்டரோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

என் வாதம் ஒன்றே ஒன்று. முயற்சி செய்யும் இடம் சரியானதாக இருக்க வேண்டும். நடு ராத்திரியிலும் தியேட்டர், மயக்க மருந்து டாக்டர், ரத்தம், குழந்தையை ஏற்க ஒரு டாக்டர், இவை நான்கும் ஒரே கட்டடத்தில் கிடைக்க வேண்டும். கிழிந்தபின் பதினைந்து இருபது நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால்தான் குழந்தை நல்லபடியாகப் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். "ஃபோன் பண்ணினால் வந்துவிடுவார்" என்று சொல்லும் இடம் இதற்குப் போதாது.

நாம் செய்யக் கூடியவை

1. முந்தின சிசேரியனின் டிஸ்சார்ஜ் சீட்டைக் கர்ப்ப காலப் பதிவேட்டோடு சேர்த்து வைத்திருங்கள். கைப்பேசியில் படம் எடுத்தும் வையுங்கள். கர்ப்பப்பையில் எங்கே வெட்டினார்கள் என்று அதில் எழுதியிருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

2. சிசேரியனுக்குப் பின் அடுத்த கர்ப்பத்துக்குப் போதிய இடைவெளி விடுங்கள். ஒன்றரை ஆண்டுக்குள் அடுத்த பிரசவம் என்றால் தழும்புக்கு ஆபத்து கூடுதல்.

3. தழும்புள்ளவர்கள் வீட்டில் வலியைத் தாங்கிக்கொண்டு உட்கார வேண்டாம். முதல் வலிக்கே ஆஸ்பத்திரி. தூரமான இடத்தில் இருப்பவர்கள் நாள் நெருங்குமுன்பே பக்கத்தில் போய்த் தங்குங்கள்.

4. சோகை இருந்தால் முன்பே சரிசெய்துகொள்ளுங்கள். ரத்தம் குறைவாக உள்ளவருக்குச் சிறிய இழப்பே பெரிய இழப்பு.

5. கிளம்பும்போதே ஆஸ்பத்திரிக்குச் செய்தி சொல்லுங்கள். எங்கள் கண்ட்ரோலர் செய்த அந்த ஒரு காரியம் அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தியது. எங்களுக்கு அன்று எக்ஸ்பிரஸ் வண்டி. இன்று பெரும்பாலான மாநிலங்களில் 108 ஆம்புலன்ஸ் இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரிகளில் 2011 முதல் ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம், வாகனம் எல்லாம் தாய்க்கு இலவசம். காசில்லையே என்று யாரும் வீட்டில் இருந்துவிடக் கூடாது.

6. கர்ப்பப்பை கிழிந்து தைக்கப்பட்டவர்கள் மறுபடி கருவுற்றால், வலி வரும் முன்பே, சுமார் 36-37 வாரத்தில் சிசேரியன் செய்துவிடுகிறார்கள். இதை ஒவ்வொரு டாக்டரிடமும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

நம் நாட்டில் நிலைமை முன்னேறித்தான் இருக்கிறது. ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இறந்த தாய்மார் 2014-16-ல் 130 பேர்; 2018-20-ல் 97 பேர். அந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டில் 54, மகாராஷ்டிரத்தில் 33. ஆனால் நாக்பூரிலிருந்து சில மணி நேர ரயில் பயணத்தில் உள்ள மத்தியப் பிரதேசத்தில் 173! அந்த எண்ணுக்குள் எங்கள் ஸ்டேஷன் போன்ற எத்தனையோ ஸ்டேஷன்கள் இருக்கின்றன.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம்

நம் உறுப்பினர் படிவத்தில் பெயர், முகவரி, சொந்த ஊர், பிறந்த நாள் எல்லாம் கேட்கிறோம். ரத்த குரூப் கேட்பதில்லை. அடுத்த ஆண்டிலிருந்து அந்த ஒரு வரியைச் சேர்க்க வேண்டும் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். 18 முதல் 65 வயதுக்குள், 45 கிலோவுக்குக் குறையாத எடையும் 12.5 கிராம் ஹீமோகுளோபினும் உள்ள ஆரோக்கியமான எவரும் ரத்தம் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறை. காசு வாங்கிக்கொண்டு ரத்தம் கொடுப்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 1998 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆகவே மனிதர் மனமுவந்து கொடுத்தால்தான் உண்டு. சிவப்பணுவைக் குளிரில் வைத்தாலும் 42 நாளுக்கு மேல் தாங்காது. வருடத்துக்கு ஒரு முகாம் நடத்திவிட்டு மறந்துவிடுவதில் பயனில்லை. நான் 65 வயது முடியும் வரை கொடுத்தேன். 1988-ல் வாங்கிய நான்கு யூனிட் கடன் எப்போதோ அடைந்துவிட்டது என்று மனைவி கேலி செய்வதுண்டு. அடைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

என் மூத்த மகளுக்கு முதல் குழந்தை சிசேரியன். இரண்டாவது கர்ப்பத்தில், பேப்பரை எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு நானே கூடப் போனேன். டாக்டர் சீட்டைப் படித்துவிட்டு, "இவ்வளவு தெளிவாக யாரும் கொண்டு வருவதில்லை" என்றார். 2016-ல் பேத்தி நலமாகப் பிறந்தாள்.

பொங்கல் விழாவில் பேசிய அந்தப் பெண்ணை மறுவாரம் என் மனைவி வீட்டுக்கு அழைத்து, காபி கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னார். அவரும் கணவரும் இப்போது எல்லா வசதியும் உள்ள ஆஸ்பத்திரியில் பதிவு செய்துகொண்டுவிட்டார்கள். நார்மலுக்கு முயலலாம் என்றே அங்குள்ள டாக்டரும் சொல்லியிருக்கிறாராம். நல்லபடியாக ஆகட்டும். இருவரின் ரத்த குரூப்பையும் என் மனைவி எங்கள் வீட்டுக் காலண்டரில் எழுதி வைத்திருக்கிறார்.